வேக்குவம் பேட்டரி 14 மாதத்தில் படுத்துவிட்டது, கடைக்காரர் கையை விரிக்கிறார்

கேள்வி: மலேசியாவில், ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். மாமியாருக்கு மூட்டுவலி, குனிந்து பெருக்க முடியாது என்பதால் 1,700 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து கார்ட்லெஸ் வேக்குவம் வாங்கினோம். 14 மாதம் ஆகிறது. முழுதாகச் சார்ஜ் போட்டாலும் ஐந்து நிமிடத்தில் நின்றுவிடுகிறது. உத்தரவாத அட்டையில் மோட்டாருக்கு 2 வருடம், பேட்டரிக்கு 1 வருடம்தான் என்று இருக்கிறது. "பேட்டரி தேய்கிற பொருள், 480 வெள்ளிக்குப் புதுசு வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். தூசிப்பெட்டியில் சாம்பிராணிச் சாம்பல் இருந்ததைப் பார்த்துவிட்டு, தப்பாகப் பயன்படுத்தினீர்கள் என்று பழியையும் எங்கள் மேலேயே போடுகிறார்கள். ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: முடியும். ஆனால் சாம்பல் விஷயத்தை முதலில் பேசிவிடுவோம், ஏனென்றால் உங்கள் வழக்கு தடுக்கி விழுந்தால் அங்கேதான் விழும். சாமி அறையில் சிந்திய சாம்பலை வேக்குவத்தில் இழுப்பது நம் வீடுகளில் சகஜம் (என் வீட்டிலும் நடந்திருக்கிறது, பெயர் சொல்ல மாட்டேன்). ஆனால் பல மாடல்களின் கையேட்டில் சாம்பலை உறிஞ்சக் கூடாது என்று எழுதியிருக்கும். மெல்லிய தூள் ஃபில்டரை அடைத்துவிட்டால் காற்று போகாமல் இயந்திரம் தானாகவே நின்றுவிடும், அப்போது பேட்டரி போய்விட்டது போலத் தெரியும். ஆகவே ஃபில்டரைக் கழுவி, முழுக்க உலரவைத்து, முழுச் சார்ஜ் போட்டு, குறைந்த வேகத்தில் ஓடவிட்டுப் பாருங்கள். ஓடுவதை நேரத்தோடு வீடியோ எடுத்து வையுங்கள். பெட்டியில் போட்டிருக்கும் நிமிடக் கணக்கு பெரும்பாலும் குறைந்த வேகத்துக்குத்தான், அதனால் முழு வேகத்தில் எடுத்த வீடியோவோடு போனால் ஒரே வரியில் மடக்கிவிடுவார்கள்.

ஃபில்டர் சுத்தமான பிறகும் ஐந்து நிமிடம்தான் என்றால், இனி சட்டம் உங்கள் பக்கம் பேசும். அட்டையில் இருக்கும் ஒரு வருடம் அவர்களாகக் கொடுத்த வாக்கு. அதற்குப் புறம்பாக, 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 32ஆவது பிரிவு ஒரு உத்தரவாதத்தைத் தானே வைத்திருக்கிறது: விற்கிற பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும், நீடித்து உழைப்பதும் அந்தத் தரத்தில் சேர்த்தி. எவ்வளவு காலம் என்று சட்டம் மாதக்கணக்கு சொல்லவில்லை. பொருளின் தன்மை, கொடுத்த விலை, பெட்டியில் எழுதியது, விற்றவர் சொன்னது எல்லாவற்றையும் வைத்து, நியாயமான ஒரு பயனீட்டாளர் இதை ஏற்பாரா என்றுதான் பார்க்கும். 150 வெள்ளி வேக்குவத்துக்கு 14 மாதம் போதும் என்று ஒருவர் வாதாடலாம். 1,700 வெள்ளிக்கு அதே வாதம் எடுபடுவது கஷ்டம் என்பது என் கருத்து. பேட்டரி தேயும், சரி, யார் இல்லையென்றது? கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்வது வேறு, ஒரேயடியாக ஐந்து நிமிடத்துக்கு வந்து நிற்பது வேறு. அட்டையிலோ ரசீதிலோ என்ன எழுதியிருந்தாலும் இந்த உரிமையை அது பறிக்க முடியாது, 6ஆவது பிரிவு அதற்காகத்தான் இருக்கிறது.

அப்புறம், எதைக் கேட்பது? 41ஆவது பிரிவின்படி முதலில் கடைக்காரருக்குச் சரிசெய்ய வாய்ப்பு கொடுக்க வேண்டும், எனவே எடுத்த எடுப்பில் பணத்தைத் திருப்பிக் கொடு என்று நிற்காதீர்கள். பேட்டரியை இலவசமாக மாற்றித் தரச் சொல்லி வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுதி, 14 நாள் கெடு வையுங்கள். கடையில் போய் வாயால் சொன்னதற்குச் சாட்சி இல்லை. பேச்சை இழுத்துக்கொண்டே போவதும் ஆகாது, தாமதித்தால் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை கைநழுவலாம்.

மசியவில்லை என்றால் திரிபியூனல் துந்துத்தான் பெங்குணா, அதாவது பயனீட்டாளர் கோரிக்கைகளை விசாரிக்கும் தீர்ப்பாயம், இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரை கோரலாம், பிரச்சினை எழுந்து 3 வருடத்துக்குள் போக வேண்டும், பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட், நிரப்ப வேண்டியது போராங் 1 என்ற படிவம். பொதுவாக அங்கே இரண்டு பக்கமும் வழக்கறிஞர் வைத்து வாதாட முடியாது, எனக்கு அங்கே பிழைப்பில்லை, உங்களுக்கு அது நல்லதுதான். தீர்ப்பு வந்து 14 நாளுக்குள் கடை அதன்படி நடக்காவிட்டால் அது குற்றம். படிவம் நிரப்பத் தயக்கமாக இருந்தால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் விசாரித்துப் பாருங்கள்.

இதற்கிடையில் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் வேறு பேட்டரியை மாட்டிவிடாதீர்கள், கடைக்காரர் எதிர்பார்த்துக்கொண்டிருப்பதே அதைத்தான். பழைய பேட்டரியும் விசாரணை முடியும் வரை வீட்டில் இருக்கட்டும். அது உப்பியிருந்தால் மட்டும் சார்ஜில் போடாதீர்கள், படம் எடுத்துக்கொண்டு, எரியக்கூடிய பொருட்கள் பக்கத்தில் இல்லாத இடமாகப் பார்த்துத் தள்ளி வையுங்கள்.