வாகனக் கேள்வி-பதில்: கோடி ரூபாய் எஸ்யூவி கட்டுப்படியாகுமா?

கேள்வி: சேலத்தில் குடியிருக்கிறோம். ஏற்காட்டில் காப்பித் தோட்டம் உண்டு. கடைசி 5 கி.மீ. கல்லும் செம்மண்ணுமான பாதை. லேண்ட் ரோவர் டிஃபெண்டர் 110 டீசல் வாங்கலாம் என்கிறான் மகன். ஒரு கோடிக்கு மேல் போகிறது. அந்த விலைக்குத் தகுமா? (வாசகர், சேலம்)

பதில்: தோட்டத்துக்காக மட்டும் என்றால் தகாது. அந்தப் பாதை கேட்பது லோ ரேஞ்ச் கியர் (வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டுவது), தரையிலிருந்து நல்ல உயரம், பக்கச்சுவர் உயர்ந்த டயர், இவ்வளவுதான். ஃபார்ச்சூனர் ஃபோர் வீல் டிரைவில் இவை பாதி விலைக்கும் கீழே கிடைத்துவிடும்.

டிஃபெண்டருக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வேறொன்றுக்கு. ஃபார்ச்சூனர் ஏணி போன்ற இரும்புச் சட்டத்தின் மேல் உட்கார்ந்த வண்டி, பின்னால் ஒரே தண்டாக அச்சு. கல் பாதையில் ஒரு சக்கரம் ஏறினால் வண்டியே குலுங்கும். டிஃபெண்டரில் நான்கு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும். ஏர் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பைகள் வண்டியைத் தாங்குவது) இருந்தால் உயரத்தை 218 மி.மீ.லிருந்து 291 மி.மீ. வரை தூக்கிக்கொள்ளலாம், நெடுஞ்சாலையில் சொகுசு கார் மாதிரியே ஓடும். வாரம் தவறாமல் சென்னைக்கும் பெங்களூருக்கும் ஓட்டிவிட்டு அதே வண்டியில் தோட்டத்துக்கும் ஏறுபவருக்கு இந்தப் பணம் வீண் இல்லை. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 30 கி.மீ. சொச்சம்தானே!

கணக்கையும் பாருங்கள். ஷோரூம் விலை ஒரு கோடி என்றால் அதில் சுமார் 28.5 லட்சம் ஜிஎஸ்டி (40 சதவீத விகிதம்). தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம், அது தனியாக 20 லட்சம். ஆக, இன்ஷூரன்ஸ் கட்டும் முன்பே 1.2 கோடி ஆகிவிடுகிறது. ஜிஎஸ்டியும் ஆயுள் வரியும் மட்டுமே அதில் 48 லட்சத்தைத் தாண்டும். விற்கும்போது இந்த வரி உங்கள் கைக்குத் திரும்ப வராது.

இன்னொரு சிக்கல், நீங்கள் ஓட்டும் விதம். ஊருக்குள் கடைக்கும் பள்ளிக்கும் 4, 5 கி.மீ. மட்டுமே ஓடும் டீசல் வண்டியில் புகைக்குழாயில் உள்ள டிபிஎஃப் வடிகட்டி புகைக்கரியால் அடைத்துக்கொள்ளும். கரியை எரிக்க இன்ஜின் கூடுதலாக டீசலைத் தெளிக்கும். எரிந்து முடியும் முன் நீங்கள் சாவியை அணைத்தால் அந்த டீசல் ஆயிலில் இறங்கும். ஆயில் அளவு குறைவதற்குப் பதில் ஏறியிருந்தால் இதுதான் காரணம், உடனே மாற்ற வேண்டும். மகன் பிடிவாதமாக இருந்தால் பெட்ரோல் மாடலைப் பார்க்கச் சொல்லுங்கள். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் எதிரே பஸ் வரும்போது, கிட்டத்தட்ட 2 மீட்டர் அகலமுள்ள இந்த வண்டியை ஓரம் கட்டுவது அவர் வேலை!

சக்கரத்தில் மட்டும் பெருமை பார்க்காதீர்கள். 20 இன்ச் சக்கரத்தின் 255/60 ஆர்20 டயரில் பக்கச்சுவர் உயரம் 153 மி.மீ.; 18 இன்ச் சக்கரத்தின் 255/70 ஆர்18 டயரில் 178 மி.மீ. கூர்கல்லில் இந்த 25 மி.மீ. ரப்பர்தான் ரிம்மைக் காப்பாற்றும். உங்கள் மாடலின் பிரேக் டிஸ்க்குக்கு 18 இன்ச் பொருந்துமா என்று கேட்டுவிட்டு ஆர்டர் கொடுங்கள்.

கேள்வி: 2021 டிஃபெண்டர் ஒன்று புது விலையில் பாதிக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்க வேண்டும்? (வாசகர், கோவை)

பதில்: பாதி விலை என்பது சலுகை இல்லை. நான்கு ஆண்டு முடிந்த காருக்கு இன்ஷூரன்ஸ் கணக்கிலேயே 50 சதவீதம் கழித்துவிடுவார்கள்.

முதலில் ஏர் சஸ்பென்ஷன். மாலையில் சமதளத்தில் நிறுத்தி, நான்கு மூலையிலும் சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப்பால் அளந்து எழுதுங்கள். மறுநாள் ஸ்டார்ட் செய்யாமல், கதவைக்கூடத் திறக்காமல் திரும்ப அளக்கவும். ஒரு மூலை மட்டும் 2 செ.மீ. இறங்கியிருந்தால் அந்தக் காற்றுப் பை கசிகிறது. சோப்பு நீர் தெளித்தால் பையின் மடிப்பில் குமிழி வரும். கசிவை விட்டுவிட்டால் கம்ப்ரஸர் ஓய்வில்லாமல் ஓடி எரிந்துபோகும். கம்ப்ரஸரை மட்டும் மாற்றிவிட்டு விற்பவர்களும் உண்டு, ஜாக்கிரதை. பை மாறாவிட்டால் புதுசும் அதே கதிதான். தாங்கி வைக்காமல் இந்த வண்டிக்கு அடியில் கை நீட்டவே கூடாது. காற்று இறங்கினால் உடம்பு நசுங்கும்.

பிறகு லோ ரேஞ்ச் போட்டு 100 மீட்டராவது ஓட்டுங்கள். நகரத்திலேயே இருந்த பல வண்டிகளில் அது ஒருமுறைகூடப் போடப்பட்டிருக்காது. வண்டியின் வாரண்டி முடிந்திருந்தால், பழுதுக்கென்று ஐந்து லட்சமாவது தனியாக எடுத்துவைக்க முடியாதவர் இதைத் தொட வேண்டாம்.

கேள்வி: கம்பெனி பெயரில் வாங்கினால் ஜிஎஸ்டியைத் திரும்ப எடுக்கலாமா? (வாசகர், திருப்பூர்)

பதில்: முடியாது. ஓட்டுநரோடு சேர்த்து 13 பேர் வரை உட்காரும் வண்டிக்கு, கார் விற்பது, வாடகைக்கு விடுவது, ஓட்டக் கற்றுக்கொடுப்பது போன்ற தொழில் இல்லாவிட்டால் உள்ளீட்டு வரிக் கழிவு கிடையாது. வருமான வரியில் ஆண்டுக்கு 15 சதவீதத் தேய்மானம் உண்டு, அதுவும் தொழிலுக்கு ஓடும் அளவுக்குத்தான்.

கேள்வி: இந்தியா-பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தத்தால் டிஃபெண்டர் விலை இறங்குமாமே, காத்திருக்கலாமா? (வாசகர், மதுரை)

பதில்: 2025 ஜூலையில் கையெழுத்தான அந்த ஒப்பந்தத்தின் கார் சலுகை பிரிட்டனில் தயாராகும் கார்களுக்கு. டிஃபெண்டர் தயாராவது ஸ்லோவாக்கியாவின் நித்ரா நகரில். அந்த ஒப்பந்தத்தை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: 900 மி.மீ. தண்ணீரில் போகும் என்கிறார்கள். சென்னை மழைக்கு இது போதாதா? (வாசகர், வேளச்சேரி)

பதில்: ஏர் சஸ்பென்ஷனைத் தூக்கிவைத்த நிலையில், ஆள் நடக்கும் வேகத்தில் கடந்தால் மட்டுமே அந்த 900. தேங்கிய நீரில் முக்கால் மணி நேரம் சிக்னலில் நிற்பதற்கு அல்ல. எதிரே லாரி போனால் எழும் அலை இன்னும் ஒரு முழம் ஏறும். நடுவே இன்ஜின் நின்றால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. சிலிண்டரில் புகுந்த நீரை அழுத்த முடியாமல் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளையும். சாதாரண காம்ப்ரிஹென்ஸிவ் பாலிசி இதைப் பொதுவாக ஏற்காது, ‘இன்ஜின் புரொடெக்ட்’ சேர்த்திருக்க வேண்டும். வெளியே வந்ததும் பிரேக்கை லேசாக அழுத்தியபடி கொஞ்ச தூரம் ஓட்டி உலர்த்துங்கள். அந்த வாரமே டிஃபரென்ஷியல் (அச்சில் இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி) ஆயிலைப் பார்க்கவும். பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் நீர் புகுந்திருக்கிறது, மாற்றிவிடுங்கள்.