போனில் ரேம் எப்போதும் நிரம்பியே இருக்கிறது. பின்னணிச் செயலிகளை மூடிக்கொண்டே இருக்க வேண்டுமா?

கேள்வி கேட்டவர் சொல்வது இது: போனில் 8 ஜிபி ரேம் இருக்கிறது, எப்போது பார்த்தாலும் 6 ஜிபி நிரம்பியே கிடக்கிறது. ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து முறை செயலிகளையெல்லாம் மேலே தள்ளி மூடுகிறார். அரை மணி நேரத்தில் மறுபடியும் பழைய கதை. போனில் கோளாறா, வேறு ஏதாவது செய்ய வேண்டுமா என்று கேட்கிறார்.

போனில் கோளாறு இல்லை. மூடுவதை நிறுத்திவிடுங்கள். ஆண்ட்ராய்டு செயலிகள் எழுதுவதுதான் என் வேலை என்பதால் இந்தக் கேள்வி அடிக்கடி என்னிடம் வரும். இந்தப் பழக்கத்தால் என் வீட்டில் நடந்த ஒன்றையும் பின்னால் சொல்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

முதலில் ஒரு சின்னச் சோதனை. போனை ரீஸ்டார்ட் செய்யுங்கள். எழுந்ததும் எந்தச் செயலியையும் தொடாமல், சமீபத்தில் திறந்த செயலிகளின் பட்டியலை மட்டும் வரவழைத்துப் பாருங்கள். பெரும்பாலான போன்களில் நேற்று திறந்த உலாவி, காலையில் பார்த்த மேப், பாதி படித்த செய்தி எல்லாம் அட்டை அட்டையாக அப்படியே நிற்கும். போன் இப்போதுதான் எழுந்திருக்கிறது, அவற்றை இன்னும் யாரும் திறக்கவே இல்லை. அட்டையில் தெரிவது கடைசியாக நீங்கள் பார்த்த திரையின் படம்தான். அதாவது அந்தப் பட்டியல் 'எதையெல்லாம் திறந்தீர்கள்' என்ற வரலாறு. 'எதெல்லாம் ஓடுகிறது' என்ற கணக்கு அல்ல. நீங்கள் ஒவ்வொன்றாகத் தள்ளி மூடும் அட்டைகளில் பாதி ஏற்கெனவே உயிரில்லாதவையாக இருக்கலாம்.

சரி, அப்படியானால் அந்த 6 ஜிபியில் என்ன இருக்கிறது? இயங்குதளம் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் செயலி கொஞ்சம். மீதியில் பெரும்பகுதி, நீங்கள் திரும்ப வரக்கூடும் என்று எடுத்து வைத்திருப்பது: சற்றுமுன் விட்டு வந்த செயலிகள், சேமிப்பகத்திலிருந்து ஒரு முறை படித்த கோப்புகள். ஆண்ட்ராய்டின் அடியில் இருப்பது லினக்ஸ் கெர்னல், அதாவது நினைவகத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் மையப் பகுதி. காலியாக இருக்கும் நினைவகத்தைச் சும்மா விட்டுவைக்காமல், படித்த கோப்புகளை அதில் வைத்துக்கொள்வது அதன் பழைய வழக்கம். யாருக்காவது இடம் வேண்டுமென்றால் அந்த நொடியே காலி செய்து கொடுத்துவிடும்.

ரேம் காலியாக இருந்தால் மின்சாரம் மிச்சமாகும் என்று பலர் நினைக்கிறார்கள். ரேம் சிப்பில் ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய மின்தேக்கியில் மின்னூட்டமாக இருக்கிறது. அது கசிந்துகொண்டே இருக்கும் என்பதால் நொடிக்குப் பல முறை புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். போன் விழித்திருக்கும்போது, உள்ளே உங்களுக்குத் தேவையான தரவு இருக்கிறதா இல்லையா என்று பார்த்து இந்தப் புதுப்பிப்பு நடப்பதில்லை. 2 ஜிபி நிரம்பியிருந்தாலும் 6 ஜிபி நிரம்பியிருந்தாலும் செலவு ஏறக்குறைய ஒன்றுதான்.

இடம் போதாமல் போனால் என்ன ஆகும்? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஆண்ட்ராய்டு ஒவ்வொரு செயலிக்கும் ஒரு மதிப்பெண் போட்டு வைத்திருக்கிறது. மைனஸ் 1000-லிருந்து 1000 வரை போகும். எண் கூடக் கூட, முதலில் வெளியேற்றப்படும் வாய்ப்பும் கூடும். நீங்கள் இப்போது பார்த்துக்கொண்டிருக்கும் செயலிக்கு 0. திரை அணைந்திருந்தாலும் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறதே, அது உங்கள் காதில் விழுகிறது என்பதால் அதற்கு 200. முகப்புத் திரைக்கு 600. கடைசியாக விட்டு வந்த செயலிக்குத் தனியாக 700 என்று ஓர் இடம் உண்டு. மனிதர்கள் ஒரு செயலியிலிருந்து இன்னொன்றுக்குப் போய்விட்டு உடனே திரும்புவார்கள் என்று யாரோ யோசித்து வைத்த எண் அது. மற்றபடி சும்மா கிடக்கும் செயலிகள் 900-லிருந்து 999 வரை வரிசையில் நிற்கும்.

நெருக்கடி வந்தால் கெர்னல் உடனே யாரையும் கொல்லாது. முதலில், திரும்பப் படித்துக்கொள்ளக்கூடிய கோப்புகளை விட்டுவிடும். அடுத்து, அதிகம் தொடப்படாத 'பக்கங்களை', அதாவது நினைவகத்தின் சிறு துண்டுகளை, ரேமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும். இதற்கு 'இசட்ரேம்' என்று பெயர். 4 கேபி அளவுள்ள ஒரு பக்கம் பல சமயம் பாதிக்கும் கீழே சுருங்கிவிடும். கணினியைப் போல இவற்றைச் சேமிப்பகத்துக்கு அனுப்பாமல் இங்கேயே சுருக்குவதற்குக் காரணம், ஃபிளாஷ் சேமிப்பகத்தில் திரும்பத் திரும்ப எழுதினால் அது தேயும், வேகமும் குறைவு. இதற்கும் போதவில்லை என்றால்தான் 'எல்எம்கேடி' என்ற காவல் நிரல் 999-இலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக வெளியேற்றும். முன்பு இது கெர்னலுக்குள்ளேயே இருந்தது. ஆண்ட்ராய்டு 9-லிருந்து வெளியே வந்தது. ஆண்ட்ராய்டு 10 முதல், எவ்வளவு ரேம் காலி என்பதை மட்டும் பார்க்காமல், நினைவகத்துக்காக நிரல்கள் எவ்வளவு நேரம் காத்துக் கிடக்கின்றன என்பதையும் அளந்து முடிவெடுக்கிறது. இத்தனை கணக்கும் நீங்கள் விரலால் தள்ளுவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது.

இதை நீங்கள் நேரில் பார்த்திருப்பீர்கள். உலாவியில் ஒரு நீண்ட படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறீர்கள். ஓர் ஆவணத்தைப் படம் எடுக்க வேண்டும். கேமராவைத் திறக்கிறீர்கள், படம் எடுக்கிறீர்கள், திரும்பி வருகிறீர்கள். பக்கம் வெள்ளையாகி, மறுபடி முதலிலிருந்து ஏறுகிறது. நிரப்பியதெல்லாம் போயிற்று. என்ன நடந்தது? 12 மெகாபிக்சல் படம் ஒன்றைச் சுருக்காமல் ரேமில் விரித்து வைக்க, ஒரு பிக்சலுக்கு 4 பைட் என்ற கணக்கில், ஏறக்குறைய 48 எம்பி வேண்டும். ஒரே ஒரு படத்துக்காக இன்றைய கேமரா பல பிரேம்களை எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது. முன்னால் நிற்கும் கேமராவுக்கு மதிப்பெண் 0, பின்னால் போன உலாவிக்கு 700. முன்னால் இருப்பவருக்குத்தான் இடம்.

இந்த இடத்தில் என் தொழிலைச் சேர்ந்தவர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். செயலி பின்னால் போகும்போது, 'நிலையைச் சேமித்துக்கொள்' என்று ஆண்ட்ராய்டு எங்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. பாதியில் நின்ற எழுத்து, உருட்டிய இடம், தேர்ந்தெடுத்த தேதி எல்லாவற்றையும் அப்போதே எழுதி வைத்தால், செயலி கொல்லப்பட்டுத் திரும்ப எழுந்தாலும் பயனருக்கு வித்தியாசமே தெரியாது. அது தெரிகிறது என்றால், பெரும்பாலும் எங்களில் யாரோ அந்த வேலையைச் செய்யாமல் விட்டிருக்கிறோம். நீங்கள் போனைத் திட்டிக்கொண்டு ரேம் கூடிய இன்னொரு போனைத் தேடுகிறீர்கள். எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு.

ஐபோனில் வழி வேறு, நோக்கம் அதேதான். 2007-இல் வந்த முதல் ஐபோனில் ரேம் வெறும் 128 எம்பி. பிற நிறுவனங்களின் செயலிகள் பின்னணியில் இயங்க 2010-இல் ஐஓஎஸ் 4 வரும்வரை அனுமதியே இல்லை. இன்றும் ஒரு செயலியை விட்டு வெளியே வந்தால், கையிலுள்ள வேலையை முடிக்கச் சிறிது நேரம் கொடுத்துவிட்டு அதை அப்படியே உறைய வைத்துவிடும். பாட்டு, வழிகாட்டல், அழைப்பு போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. ஆண்ட்ராய்டும் 11-ஆம் பதிப்பிலிருந்து, சும்மா கிடக்கும் செயலிகளை உறைய வைக்கும் வசதியைக் கொண்டுவந்தது. உறைந்த செயலி ரேமில் இடம் பிடித்திருக்கும், ஆனால் பிராசஸரைத் தொடாது. ஆகவே 'பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கிறது' என்று நாம் சொல்பவற்றில் பல ஓடவே இல்லை.

2016-இல் ஒருவர் ஆப்பிளுக்கு மின்னஞ்சல் அனுப்பி, செயலிகளை அடிக்கடி மூடுவீர்களா, பேட்டரிக்காக அது தேவையா என்று கேட்டார். மென்பொருள் பிரிவின் தலைவர் கிரேக் ஃபெடரிகி இரண்டு கேள்விக்கும் 'இல்லை' என்று பதில் போட்டார். அதையொட்டி, அப்போது ஆண்ட்ராய்டுக்குப் பொறுப்பாக இருந்த ஹிரோஷி லாக்ஹைமரும் ஏறக்குறைய அதையே சொன்னார்: மூடுவதால் பேட்டரி கொஞ்சம் கூடுதலாகத்தான் செலவாகும்.

ஏன் கூடுதல்? ரேமில் இருக்கும் செயலிக்குத் திரும்புவது, படித்த பக்கத்திலேயே புத்தகத்தைத் திறப்பது போல. மூடிவிட்டுத் திறந்தால், புதிதாக ஒரு புராசஸ் (ஓடும் நிரல்) பிறக்க வேண்டும், சேமிப்பகத்திலிருந்து நிரலைப் படிக்க வேண்டும், திரையை முதலிலிருந்து வரைய வேண்டும், பல செயலிகள் இணையத்துக்கும் போய் வர வேண்டும். அந்த இரண்டு மூன்று நொடியில் பிராசஸர் முழு மூச்சில் ஓடும். ஒரு நாளைக்குப் பதினைந்து முறை எல்லாவற்றையும் மூடினால், பதினைந்து முறை இந்தச் செலவைப் புதிதாகச் செய்கிறீர்கள். பேட்டரியை உண்மையில் தின்பவை திரையின் வெளிச்சம், சிக்னல் பலவீனமான இடத்தில் தவிக்கும் மோடம், விடாமல் இருப்பிடம் பார்க்கும் செயலி. இவற்றைக் கவனிக்காமல் அட்டைகளைத் தள்ளிக்கொண்டிருப்பது தும்பை விட்டு வாலைப் பிடிப்பதுதான்.

இனி வீட்டில் நடந்தது. அம்மாவுக்கு இரவு 8 மணிக்கு ஒரு ரத்த அழுத்த மாத்திரை. மறந்துவிடுகிறார் என்று, பெரிய எழுத்தும் சத்தமான மணியும் வைத்து நானே ஒரு சின்னச் செயலி எழுதிக் கொடுத்தேன். இரண்டு மாதம் ஒழுங்காக அடித்தது. அப்புறம் ஒரு நாள் பேசும்போது, "அது நாலஞ்சு நாளா அடிக்கவே இல்லடா, நீதான் நிறுத்திட்டியோன்னு இருந்தேன்" என்றார். மாத்திரை அட்டையை எடுத்து எண்ணச் சொன்னேன். மூன்று மாத்திரை கூடுதலாக இருந்தது.

வீட்டுக்குப் போனதும் அந்தச் செயலியின் விவரப் பக்கத்தைத் திறந்தேன். 'ஃபோர்ஸ் ஸ்டாப்' பொத்தான் மங்கிப்போய், அழுத்த முடியாமல் இருந்தது. அதைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. யாரோ ஏற்கெனவே அதை அழுத்தியிருக்கிறார்கள். ரேமைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் செயலி ஒன்றைப் பக்கத்து வீட்டுப் பெண் போட்டுக் கொடுத்திருக்கிறார். அது அணுகல்தன்மை அனுமதியை வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு செயலியின் பக்கத்துக்கும் தானே போய் அந்தப் பொத்தானை அழுத்தி வந்திருக்கிறது.

அட்டையைத் தள்ளுவதும் ஃபோர்ஸ் ஸ்டாப்பும் ஒன்றல்ல. ஃபோர்ஸ் ஸ்டாப் செய்தால், அந்தச் செயலி வைத்திருந்த அலாரங்கள் எல்லாம் நீக்கப்படும், திட்டமிட்ட வேலைகள் ரத்தாகும், வெளியிலிருந்து வரும் புஷ் செய்தியும் அதை எழுப்பாது. நீங்கள் கையால் ஒரு முறை திறக்கும்வரை அது அப்படியே கிடக்கும். 2011-இல் வந்த ஆண்ட்ராய்டு 3.1 முதல், இப்படி நிறுத்தி வைத்த செயலியை இயங்குதளம் தானாக எழுப்புவதில்லை. அடம்பிடிக்கும் செயலியை அடக்க அது நல்ல ஏற்பாடு. மாத்திரை மணியை அடக்கவா அது? ஐபோனிலும் இதற்கு ஓரளவு இணையான ஒன்று உண்டு: மேலே தள்ளி மூடிய செயலியை, நீங்கள் மறுபடி திறக்கும்வரை பின்னணிப் புதுப்பிப்புக்காக அது எழுப்பாது.

இந்தச் 'சுத்தம் செய்யும்' செயலிகளை எடுத்துவிடுங்கள் என்று தயங்காமல் சொல்வேன். ஆண்ட்ராய்டு 14-இல் கூகுளே கதவைச் சாத்திவிட்டது. ஒரு செயலி மற்றவற்றின் பின்னணிப் புராசஸ்களைக் கொல்லும் பழைய கட்டளை இப்போது அதனுடைய சொந்தப் புராசஸ்களுக்கு மட்டுமே வேலை செய்யும். மிஞ்சியிருப்பது அணுகல்தன்மை அனுமதி போன்ற சுற்றுவழிகள்தான். திரையில் உள்ளதையெல்லாம் படிக்கக்கூடிய அனுமதி அது. ரேமுக்காக அதைக் கொடுக்காதீர்கள்.

சில போன் நிறுவனங்கள் கூகுள் வகுத்த விதிகளுக்கு மேலே தங்கள் சொந்தக் கட்டுப்பாட்டையும் போட்டு, திரை அணைந்ததும் செயலிகளைக் கொன்றுவிடுகின்றன. அலாரமோ செய்தியோ தாமதமாக வருகிறது என்றால், அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரி அமைப்பில் 'கட்டுப்பாடு இல்லை' என்று மாற்றுங்கள். எல்லாவற்றுக்கும் அப்படி மாற்ற வேண்டியதில்லை. அரட்டைச் செயலிகள் செய்தி வருகிறதா என்று ஆளாளுக்கு விழித்துக் காத்திருப்பதில்லை. போனிலிருந்து பொதுவாக ஒரே ஓர் இணைப்பு திறந்திருக்கும், செய்தி வந்தால் அது உரிய செயலியைத் தட்டி எழுப்பும்.

'ரேம் விரிவாக்கம்' என்று சேமிப்பகத்தில் சில ஜிபியை ஒதுக்கும் வசதி உங்கள் போனில் இருந்தால், 8 ஜிபி உள்ளவர் அதை அணைத்தே வைக்கலாம். எல்பிடிடிஆர்5 ரேம் நொடிக்கு 50 ஜிபி அளவில் தரவைக் கொடுக்கக்கூடியது. யுஎஃப்எஸ் 3.1 சேமிப்பகம் தொடர்ச்சியாகப் படித்தாலே ஏறக்குறைய 2 ஜிபிதான்.

மூடவே கூடாது என்று சொல்லவில்லை. செயலி உறைந்து நின்றால் மூடுங்கள். போய்ச் சேர்ந்த பிறகும் வழிகாட்டல் ஓடிக்கொண்டிருந்தால் மூடுங்கள். போன் சூடாகிக்கொண்டே இருந்தால், பேட்டரிப் பக்கத்தில் எந்தச் செயலி பின்னணியில் அதிக நேரம் எடுத்திருக்கிறது என்று பார்த்து, அந்த ஒன்றை மட்டும் கட்டுப்படுத்துங்கள். உங்கள் விஷயத்தில் நான் செய்யச் சொல்வது இதுதான்: இரண்டு நாள் எதையும் மூடாமல் வழக்கம்போல் பயன்படுத்துங்கள், மூன்றாம் நாள் அந்தப் பக்கத்தைத் திறந்து முதல் மூன்று பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் அதிகம் தொடாத செயலி அதில் ஏதாவது இருந்தால், கைவைக்க வேண்டிய இடம் அதுதான்.