லேபைப் பூட்ட வேண்டாம், டீச்சர்

கேள்வி: அரசு உதவி பெறும் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியையாக இருக்கிறேன். பழைய மாணவர்கள் சேர்ந்து 20 கம்ப்யூட்டர்களும் இணைய இணைப்பும் வாங்கிக் கொடுத்தார்கள். லேபைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. சென்ற மாதம் மட்டும் மூன்று பிரச்சினைகள். எல்லா கம்ப்யூட்டரிலும் வால்பேப்பரை மாற்றி ஒரு நடிகர் படத்தை வைத்துவிட்டார்கள். இரண்டு பையன்கள் விபிஎன் (தடையைச் சுற்றிக்கொண்டு போக உதவும் மென்பொருள்) போட்டு, நாங்கள் தடுத்து வைத்திருந்த கேம் தளத்தில் விளையாடினார்கள். மூன்றாவதுதான் பெரியது. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஜிமெயிலை மூடாமல் எழுந்து போக, அடுத்து உட்கார்ந்த பையன் அவள் பெயரில் இன்னொரு ஆசிரியருக்கு அசிங்கமாக ஒரு மெயில் அனுப்பிவிட்டான். எச்.எம். சார் லேபைப் பூட்டிவிட்டார். விதிமுறை எழுதி, பெற்றோரிடம் கையெழுத்து வாங்கினால்தான் திறப்பாராம். இணையத்தில் 32 விதிகள் உள்ள ஓர் ஆங்கிலப் படிவம் கிடைத்தது. 'கணினியைப் பயன்படுத்துவது சலுகையே தவிர உரிமை அல்ல' என்பது அதன் முதல் விதி. பள்ளியின் பெயரை மட்டும் மாற்றி அதையே கொடுத்துவிடலாமா?
— பெயர் வேண்டாம், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள டீச்சர்,

கொடுக்க வேண்டாம். அந்த முதல் விதி ஒன்றே போதும், படிவம் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிட. அமெரிக்கப் பள்ளிகளின் படிவங்களில் பல்லாண்டுகளாக இருந்து தேய்ந்துபோன வாசகம் அது. 2000 டிசம்பரில் அங்கே ஒரு சட்டம் வந்தது. இணையக் கட்டணத்தில் மத்திய அரசின் தள்ளுபடி வேண்டுமென்றால் பள்ளி ஆபாசப் படங்களைத் தடுக்கும் வடிகட்டி வைத்திருக்க வேண்டும், எழுத்தில் ஒரு பாதுகாப்புக் கொள்கையும் வைத்திருக்க வேண்டும் என்றது. பணம் சம்பந்தப்பட்டதால் படிவங்களுக்குள் வக்கீல்களின் மொழி நுழைந்தது. நாளைக்கு வழக்கு வந்தால் பள்ளி தப்பிக்க வேண்டும் என்ற கவலை ஒவ்வொரு வரியிலும் தெரியும். உங்கள் பிள்ளைகள் அதைப் படிக்கப் போவதில்லை. பெற்றோர், நீங்கள் காட்டும் இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வயலுக்கோ வேலைக்கோ போய்விடுவார்கள்.

'சலுகை' என்ற வாதமும் உங்கள் ஊருக்குப் பொருந்தாது. வீட்டில் லேப்டாப் இருக்கும் பிள்ளைக்கு வேண்டுமானால் பள்ளி லேப் சலுகையாக இருக்கலாம். உங்கள் மாணவர்களில் எத்தனை பேருக்கு அந்த 20 கம்ப்யூட்டர்களைத் தவிர வேறு கீபோர்டு கண்ணில் பட்டிருக்கும்? பையன்களாவது அண்ணன் போன், அப்பா போன் என்று எதையாவது நோண்டிவிடுவார்கள். பெண் பிள்ளைகள் கையில் போன் கிடைப்பதே பல வீடுகளில் சந்தேகம். பூட்டுப் போட்டால் முதலில் நட்டப்படுவது அவர்கள்தான்.

சரி, நடந்த மூன்றையும் எச்.எம். சார் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டார். அதை முதலில் பிரியுங்கள்.

வால்பேப்பர் விஷயத்துக்கு விசாரணையே வேண்டாம். மாணவர்களுக்கு நிர்வாகி உரிமை இல்லாத தனிக் கணக்கு ஒன்றை உருவாக்கி, வால்பேப்பரை மாற்ற முடியாதபடி அமைத்துவிட்டால் தீர்ந்தது. 20 கம்ப்யூட்டரிலும் ஒரே படத்தை வைத்தவன் யார் என்று மட்டும் சிரித்துக்கொண்டே கேட்டு வையுங்கள். லேபைக் கவனித்துக்கொள்ள உங்களுக்கு ஒரு உதவியாளன் கிடைத்துவிட்டான்.

விபிஎன் விஷயம் ஒரு படி மேலே. தடுத்ததைத் தெரிந்தே தாண்டியிருக்கிறார்கள். ஆனால் 40 நிமிட வகுப்பில் விளையாட நேரம் கிடைத்தது எப்படி என்பதையும் பார்க்க வேண்டும். திரைகள் எந்தப் பக்கம் பார்த்திருக்கின்றன? வகுப்பறை போல வரிசையாகப் போட்டிருந்தால், நீங்கள் முன்னால் நிற்கும்போது உங்கள் கண்ணுக்குத் தெரிவது கம்ப்யூட்டர்களின் முதுகுதான். மேசைகளைச் சுவரோரமாகப் போட்டு, பிள்ளைகளைச் சுவரைப் பார்த்து உட்கார வையுங்கள். நடுவில் நின்று ஒருமுறை திரும்பினால் 20 திரையும் தெரியும். எந்த மென்பொருளையும்விட இது நன்றாக வேலை செய்யும், செலவும் இல்லை. வயர் நீளம் போதவில்லை என்றால் எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலை, அவ்வளவுதான்.

வடிகட்டியும் வேண்டும்தான். ரௌட்டரின் டிஎன்எஸ் முகவரியை (தளத்தின் பெயரைச் சொன்னால் அது இருக்கும் இடத்தைக் காட்டும் சேவையின் முகவரி) 1.1.1.3 என்று மாற்றினால் ஆபாசத் தளங்களில் பெரும்பாலானவை திறக்காது. கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் இலவசச் சேவை இது. கூகுளில் பாதுகாப்பான தேடலையும் யூடியூபில் கட்டுப்பாட்டு முறையையும் போட்டுவிடுங்கள். இதையும் விபிஎன் தாண்டும் என்பது உங்களுக்கே தெரியும். ஆகவே மாணவர் கணக்கில் புதிய மென்பொருளும் பிரவுசர் நீட்சிகளும் நிறுவ முடியாதபடி செய்வதுதான் அங்கே உண்மையான தடை. இன்னொரு தொல்லையும் உண்டு. வடிகட்டிக்கு உயிரியல் தெரியாது. பத்தாம் வகுப்பு அறிவியலில் இனப்பெருக்கப் பாடம் நடக்கும் வாரத்தில், பாடத்துக்கு வேண்டிய படமும் தடுக்கப்படலாம். அப்போது ஆசிரியர் கணக்கிலிருந்து திறந்து காட்ட வழி வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பிள்ளைகள் அதை வேறெங்கோ, வேறு மாதிரி தேடுவார்கள்.

இப்போது அந்த மெயில்.

இதில் நீங்கள் முதலில் பேச வேண்டியது பையனிடம் அல்ல, அந்தப் பெண்ணிடமும் அவள் வீட்டிலும். 'நீ ஏன் திறந்து வைத்துவிட்டுப் போனாய்?' என்று இதற்குள் நாலு பேராவது அவளைக் கேட்டிருப்பார்கள். செய்தி அரைகுறையாக வீட்டுக்குப் போயிருந்தால், 'உனக்கு இனி கம்ப்யூட்டரே வேண்டாம்' என்று முடிந்திருக்கும். எச்.எம். சாரையே அவள் அம்மா அப்பாவை அழைத்துப் பேசச் சொல்லுங்கள். அந்த மெயிலை அனுப்பியது அவள் அல்ல, அவள் மேல் தவறு இல்லை என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். மெயில் வந்த ஆசிரியரும் அவளிடம் இரண்டு வார்த்தை பேசினால் நல்லது. பிறகு அவளோடு உட்கார்ந்து, கூகுள் கணக்கில் 'உங்கள் சாதனங்கள்' பகுதியைத் திறந்து, தெரியாத இடங்களிலிருந்தெல்லாம் வெளியேறச் செய்து, பாஸ்வேர்டை மாற்றிக் கொடுங்கள்.

பையன் செய்தது விளையாட்டு இல்லை. அடுத்தவர் பாஸ்வேர்டையோ மின்கையொப்பத்தையோ மோசடியாகப் பயன்படுத்தினால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவில் 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. இவன் பாஸ்வேர்டைத் திருடவில்லை, திறந்திருந்ததில் உட்கார்ந்தான். அந்தப் பிரிவு இவனுக்குப் பொருந்துமா என்பது வக்கீல்கள் பேச வேண்டியது. அதைச் சொல்லி அவனை மிரட்டவும் வேண்டாம், அவனுக்குப் பதினான்கு வயதுதான். ஆனால் ஊர் உலகம் இதை எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறது என்பது அவனுக்குத் தெரிய வேண்டும். பெற்றோர் முன்னிலையில் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்கட்டும், அவள் கேட்க விரும்பினால் மட்டும். அந்த ஆசிரியரிடம் கண்டிப்பாகக் கேட்கட்டும். சில வாரங்கள் லேபில் உங்கள் பக்கத்து இருக்கையில் மட்டும் அவன் உட்காரட்டும். பிரேயரில் மைக் பிடித்து அவன் பெயரைச் சொல்வதெல்லாம் வேண்டாம். அவன் பெயரோடு அவள் பெயரும் சேர்ந்துதான் ஊரைச் சுற்றும்.

இதே இடத்தில் ஒரு மாணவியின் படத்தை எடுத்தோ, ஆபாசமாக மாற்றியோ பரப்பியிருந்தால் என் பதில் வேறு. அதைப் பள்ளிக்குள் பேசி முடிக்க உங்களுக்கோ எச்.எம். சாருக்கோ அதிகாரம் இல்லை. போக்சோ சட்டத்தின் கீழ் வரும் குற்றம் தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098, இணையக் குற்றங்களுக்கு 1930. இரண்டையும் லேப் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.

இனி விதிமுறைக்கு வருவோம். ஒரே பக்கம், தமிழில், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை சத்தமாக வாசிக்கக்கூடிய வாக்கியங்கள். நான் எழுதினால் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

'என் பாஸ்வேர்டை யாருக்கும் சொல்ல மாட்டேன். எழுந்திருக்கும் முன் எல்லாவற்றிலிருந்தும் வெளியேறுவேன். யாராவது கணக்கைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருந்தால், படிக்காமல் மூடிவிட்டு அவரிடம் சொல்வேன். கேட்காமல் யாரையும் படம் எடுக்க மாட்டேன், யார் படத்தையும் எங்கும் போட மாட்டேன். இணையத்திலிருந்து எடுத்ததை எங்கிருந்து எடுத்தேன் என்று எழுதுவேன். வேண்டாத எதுவும் திரையில் வந்தால் மானிட்டரை அணைத்துவிட்டு டீச்சரைக் கூப்பிடுவேன். அதற்காக என்னை யாரும் திட்ட மாட்டார்கள்.'

கடைசி வாக்கியத்தை மட்டும் யார் சொன்னாலும் வெட்டாதீர்கள். எதையோ தேடும்போது வேறேதோ வந்து நிற்பது எல்லோருக்கும் நடக்கிறது. யாரோ ஒருவன் சாட்டில் வந்து படம் கேட்பதும் நடக்கிறது. திட்டு விழும் என்று தெரிந்த பிள்ளை சொல்லாது. சொல்லாத பிள்ளையைத்தான் அப்படிப்பட்டவர்கள் தேடுகிறார்கள்.

அந்தப் பக்கத்தின் கீழ்ப்பாதி பெரியவர்களுக்கு. இதைச் சொன்னால் ஸ்டாஃப் ரூமில் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. மாணவர்களின் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட மாட்டோம். மதிப்பெண் பட்டியலைக் குழுவில் பகிர மாட்டோம். மாணவரின் பாஸ்வேர்டைக் கேட்க மாட்டோம், நம்முடையதையும் கொடுக்க மாட்டோம். 'அந்த எமிஸ்ல கொஞ்சம் என்ட்ரி போட்டுடுப்பா' என்று, கல்வித் துறையின் அந்த இணையதளத்துக்கான ஆசிரியரின் லாகினை ஒரு கெட்டிக்காரப் பையனிடம் கொடுக்கும் வழக்கம் உங்கள் பள்ளியில் இருந்தால், அடுத்தவர் கணக்கில் நுழைவது சாதாரணம் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது நாம்தான்.

பெரியவர்களுக்கு விதி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு அந்த 32 விதி நாட்டிலேயே கதை இருக்கிறது. பென்சில்வேனியா மாநிலத்தின் லோயர் மெரியன் பள்ளி மாவட்டம் (அந்தப் பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) ஏறத்தாழ 2,300 மாணவர்களுக்கு லேப்டாப் கொடுத்தது. தொலைந்தால் கண்டுபிடிக்க என்று, கேமராவைத் தூரத்திலிருந்தே இயக்கும் மென்பொருளும் அதில் இருந்தது. அதைப் பெற்றோருக்கு யாரும் முறையாகச் சொல்லவில்லை. ஒரு மாணவனை அவன் பள்ளியின் துணை முதல்வர் அழைத்து, 'வீட்டில் நீ தப்பான காரியம் செய்கிறாய்' என்று ஒரு படத்தைக் காட்டியபோதுதான், அது அவன் படுக்கையறையில் லேப்டாப்பே எடுத்த படம் என்று தெரிந்தது. 2010இல் வழக்கு. தோண்டிப் பார்த்தால், மாணவர்களின் கேமராப் படங்களும் திரைப் படங்களுமாக 50 ஆயிரத்துக்கும் மேல். 6,10,000 டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டார்கள். பிள்ளைகள் என்னென்ன செய்யக் கூடாது என்று எழுதத் தெரிந்தவர்களுக்கு, தாங்கள் என்ன செய்யக் கூடாது என்று எழுதத் தோன்றவில்லை.

உங்களுக்கும் அந்த ஆசை வரும். மாணவர் திரைகளை ஆசிரியர் பார்க்க உதவும் வேயோன் போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன, பயனுள்ளவைதான். போட்டால் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: 'லேபில் உங்கள் திரையை நான் பார்ப்பேன், என் மேசையிலிருந்து மட்டும், வகுப்பு நேரத்தில் மட்டும்.' மறைத்து வைத்துப் பிடிப்பதைவிட, பார்ப்பார்கள் என்று தெரிவதே பாதி வேலையைச் செய்துவிடும்.

கையெழுத்து பற்றி ஒரு வார்த்தை. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்கிறது. அவர்களின் விவரங்களைப் பயன்படுத்தப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின, பிரிவுகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. ஆனாலும் இப்போதே பழகிவிடுவது நல்லது. ஏதாவது கற்றல் செயலியில் வகுப்பு முழுவதையும் சேர்க்கும் முன், எந்தச் செயலி, என்ன விவரம் கேட்கிறது என்று பெற்றோரிடம் சொல்லுங்கள். ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பிறந்த வருடத்தை மாற்றிப் போட்டு ஜிமெயில் திறந்து கொடுக்காதீர்கள். தானாகக் கணக்கு வைத்துக்கொள்ள கூகுள் கேட்கும் வயது 13. ஆசிரியரே பொய் வயது போட்டுக் கொடுத்துவிட்டு எந்த விதியை எழுதி என்ன?

எச்.எம். சாரின் பயமும் எனக்குப் புரிகிறது. ஏதாவது நடந்தால் பேப்பரில் வருவது அவர் பெயர். அதனால் அவரிடம் வாதாடாதீர்கள். மேசைகள் திரும்பிவிட்டன, மாணவர் கணக்கு தனியாகிவிட்டது, பிரவுசரை மூடினால் லாகின்களும் பார்த்த தடங்களும் தானாக அழிந்துவிடும், யார் எந்தக் கம்ப்யூட்டரில் எப்போது உட்கார்ந்தார் என்பதற்கு நோட்டு இருக்கிறது. இந்த நான்கையும் செய்துவிட்டு லேபுக்கு அவரைக் கூட்டிப் போய்க் காட்டுங்கள். பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் அந்த ஒரு பக்கத்தை ஒரு மாணவியையே வாசிக்க வைத்து, அப்புறம் கையெழுத்து வாங்குங்கள். முதல் கையெழுத்து, கீழ்ப்பாதியில், எச்.எம். சாருடையதாக இருக்கட்டும்.