ஜேபெக்கை பிஎன்ஜி ஆக்கினால் தரம் கூடுமா? வாசகர் கேள்விகள்

திருப்பூர் வாசகர்: பையர் (துணி வாங்குற கம்பெனி) அனுப்புன லோகோ ஜேபெக்ல இருந்துச்சு. பனியன் பிரின்டிங்குக்காக பிஎன்ஜி ஆக்கிட்டனுங்க. அப்பவும் எழுத்து ஓரமெல்லாம் அழுக்குப் படிஞ்ச மாதிரியே இருக்குது. ஏனுங்க?

அந்த அழுக்கு ஜேபெக்கிலேயே ஏறிவிட்டதுங்க. ஜேபெக் என்பது படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் ஃபைல் வகை. அது படத்தை 8-க்கு 8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் தட்டாத நுணுக்கங்களைக் கழித்துவிடும். முகம், தோப்பு மாதிரி போட்டோக்களில் அது தெரியாது. வெள்ளையில் கறுப்பு எழுத்து என்றால் ஓரத்திலேயே தெரிந்துவிடும். பிஎன்ஜி ஃபைலோ, நாம் கொடுத்த படத்தை அப்படியே வைத்துக்கொள்ளும், அழுக்கையும் சேர்த்து. கழிந்துபோனதைத் திருப்பித் தராது.

பையரிடம் கோரல்டிரா, இல்லஸ்ட்ரேட்டர் போன்ற வரைகலை மென்பொருள் ஃபைல் அல்லது எஸ்விஜி ஃபைல் கேளுங்கள். அவற்றில் வடிவம் புள்ளிகளாக இல்லாமல் கோடுகளாக இருக்கும். நெஞ்சில் சின்னதாக அடித்தாலும் முதுகு முழுக்க அடித்தாலும் கூர்மை குறையாது. கேட்கத் தயங்கவே வேண்டாம். ஸ்கிரீன் போட்ட பிறகு தெரிந்தால் துணியும் போச்சு, கூலியும் போச்சு. கிடைக்கவே இல்லையென்றால் டிசைனரிடம் கொடுத்து மறுபடி வரைய வையுங்கள். சின்ன ஜேபெக்கை ஆட்டோ டிரேஸ் செய்தால் (மென்பொருளே படத்தைக் கோடுகளாக மாற்றுவது) அழுக்கும் கோடாகிவிடும்.

பொள்ளாச்சி வாசகி: அப்பாரு காலத்துக் கல்யாணப் படங்களை ஸ்கேன் பண்றோம். எதுல வைக்கிறதுங்க?

600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்து, தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் (TIFF) ஃபைலாக வையுங்கள். அந்த ஃபைலைத் தொடாமல் வைத்து, சொந்தக்காரர்களுக்கு ஜேபெக் பிரதி எடுத்து அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பினால் சுருக்காது. ஜேபெக்கைத் திறந்து பார்ப்பதாலோ காப்பி செய்வதாலோ தரம் குறையாது. திருத்தித் திருத்தி சேமிக்கும்போதுதான் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் போகும்.

ஈரோடு வாசகர்: ஐபோன் படம் ஸ்டுடியோவுல திறக்க மாட்டேங்குதுங்க.

அது ஹெச்இஐசி (HEIC) என்ற ஐபோன் பட ஃபைல் வகை. 2017-இல் ஐஓஎஸ் 11-உடன் வந்தது. ஜேபெக்காக மாற்றும்போது குவாலிட்டியை 90-க்கு மேல் வையுங்கள். இனி எடுப்பதற்கு செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மட்ஸ் போய் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' தேர்ந்தெடுத்தால் போதும்.

கரூர் வாசகர்: பெட்ஷீட் படங்களை வெப்சைட்டுக்காக வெப்பி ஆக்கினா மெல்லிய சிவப்புக் கோடெல்லாம் மங்கிருதுங்க.

நல்லாக் கவனிச்சிருக்கீங்க. வெப்பி (WebP) என்பது வெப்சைட் படங்களுக்கான ஃபைல் வகை. அதில் தரத்தைக் கொஞ்சம் இழந்து சுருக்கும் சாதாரண வெப்பி, நிறத்தை நான்கு புள்ளிக்கு ஒன்றாகத்தான் சேமிக்கும். வெளிச்சம் மட்டும் முழுசாக இருக்கும். அதனால்தான் வெள்ளை நூலுக்கு நடுவே ஓடும் சிவப்பு நூல் கரைகிறது. நெசவைக் காட்டும் குளோசப்புகளை மட்டும் லாஸ்லெஸ் (இழப்பில்லாத) வெப்பியாகவோ, குரோமா சப்சாம்ப்ளிங் (இப்படி நிறத்தைக் குறைத்துச் சேமிப்பது) நிறுத்திய ஜேபெக்காகவோ போடுங்கள். மற்றவற்றுக்குச் சாதாரண வெப்பியே போதும். எதுவானாலும் கேமராவிலிருந்து வந்த அசல் படத்திலிருந்தே மாற்றுங்கள், சைட்டில் ஏற்கெனவே கிடக்கும் ஜேபெக்கிலிருந்து வேண்டாம்.