ரன்வேக்கு முன்னால் ஒரு மஞ்சள் கோடு

(வாசகர் கேள்விகளுக்கு இந்த மாதம் பதில் சொல்பவர், சென்னை விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற அதிகாரி.)

விமானம் கிளம்பி ரன்வே பக்கத்தில் வந்தபிறகு வெகுநேரம் சும்மா நிற்கிறதே, ஏன்? எரிபொருள் வீண்தானே? – வாசகர், விழுப்புரம்

சும்மா நிற்கவில்லை ஐயா. ரன்வேக்குள் நுழையும் இடத்தில் தரையில் மஞ்சள் கோடுகள் போட்டிருக்கும்: இரண்டு முழுக்கோடு, அதையடுத்து இரண்டு விட்டுவிட்டுப் போட்ட கோடு. டவர் அனுமதி சொல்லாமல் எந்த விமானமும் அதைத் தாண்டக் கூடாது. இறங்குகிற விமானம் கிட்டத்தில் வந்திருக்கலாம். சென்னையில் இரண்டு ரன்வேக்களும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போவதால், ஒன்றில் நடப்பதைப் பார்த்துத்தான் மற்றதைத் திறக்க முடியும். பெரிய விமானம் ஒன்று அப்போதுதான் எழும்பியிருந்தால் அதன் இறக்கை நுனியிலிருந்து கிளம்பிய சுழல்காற்று ரன்வே மேல் இருக்கும். பின்னால் போகும் சிறிய விமானத்துக்கு 2 நிமிடமாவது இடைவெளி விட வேண்டும். எரிபொருள் செலவாகத்தான் செய்யும். ஆகட்டும்.

ரேடாரும் கம்ப்யூட்டரும் இருக்கும் காலத்தில் டோக்கியோவில் ஒரே ரன்வேயில் இரண்டு விமானங்கள் மோதியது எப்படி? – வாசகி, திருநெல்வேலி

2024 ஜனவரி 2, ஹனேடா விமான நிலையம். முந்தைய நாள் நோட்டோ பகுதியில் பெரிய நிலநடுக்கம். நிவாரணப் பொருளுடன் நீகாட்டாவுக்குக் கிளம்ப இருந்தது கடலோரக் காவல்படையின் சிறு விமானம். அதற்கு டவர் சொன்னது, நீங்கள் முதல் வரிசை (அதாவது கிளம்பும் வரிசையில் முதலாவது), சி-5 நிறுத்துமிடம் வரை வாருங்கள் என்பது. விமானியும் அதை அப்படியே திருப்பிச் சொன்னார். ஆனால் ரன்வேக்குள் போகவே அனுமதி கிடைத்துவிட்டதாக அவர் மனதில் பதிந்துவிட்டது. உள்ளே போய் ஏறக்குறைய 40 விநாடி நின்றார். டவர் திரையில் எச்சரிக்கை தெரிந்தும் கட்டுப்பாட்டாளர் கண்ணில் அது படவில்லை. இறங்கி வந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானிகளுக்கும் இருட்டில் அந்தச் சிறு விமானம் தெரியவில்லை. காவல்படை விமானத்தில் இருந்த 6 பேரில் 5 பேர் இறந்தார்கள். பெரிய விமானத்தில் இருந்த 379 பேரும் பிழைத்தார்கள். பைகளை விட்டுவிட்டு இறங்கியதற்கு அதில் பெரிய பங்கு உண்டு.

சி-5இல் ‘நில்’ என்று காட்டத் தரையோடு பதித்த சிவப்பு விளக்கு வரிசையும் அன்று பராமரிப்புக்காக இயங்காமல் இருந்தது. அது இயங்கியிருந்தால் என்ற எண்ணம் எனக்கு இன்றும் வருகிறது.

நாங்கள் சொல்வதை விமானி திருப்பிச் சொல்ல வேண்டும், நாங்கள் அதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். ரேடியோ வேலையின் உயிர்நாடி இதுதான். ஹனேடாவில் அது சரியாக நடந்தும் விபத்து வந்தது. அதனால்தான் ‘முதல் வரிசை’ என்று சொல்வதை ஜப்பானியர்கள் உடனே நிறுத்திவைத்தார்கள்; எச்சரிக்கைத் திரையைப் பார்ப்பதற்கென்றே ஆள் போட்டார்கள். சரியான முடிவு என்பேன். அனுமதி இல்லாத நேரத்தில் அனுமதி போலத் தொனிக்கும் எதையும் விமானி காதில் போடக் கூடாது.

இதற்கும் ஒரு முன்கதை உண்டு. 1977 மார்ச் 27, ஸ்பெயினின் டெனெரிஃப் தீவு. கடும் பனிமூட்டம். ஒரு ஜம்போ விமானம் ரன்வேயிலேயே ஊர்ந்துகொண்டிருக்க, அனுமதி வராமலே இன்னொன்று ஓட ஆரம்பித்தது. ‘காத்திருங்கள்’ என்று டவரும், ‘நாங்கள் இன்னும் ரன்வேயில்தான் இருக்கிறோம்’ என்று மற்ற விமானமும் ஒரே சமயத்தில் பேசியதில், ஓட ஆரம்பித்தவர்களுக்குக் கேட்டதெல்லாம் பெரும்பாலும் கீச்சொலிதான். இரண்டும் மோதியதில் 583 பேர் போனார்கள். அதற்குப் பிறகு ‘டேக்ஆஃப்’ என்ற சொல்லை அந்த அனுமதியைக் கொடுக்கும்போதோ ரத்து செய்யும்போதோ மட்டும்தான் சொல்கிறோம். மற்ற நேரத்தில் ‘டிபார்ச்சர்’தான்.

பனிமூட்டம் எங்கோ வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். போகி விடியலில் மீனம்பாக்கத்துக்கு வந்து பாருங்கள். பனியோடு பழைய பாய், டயர் எரித்த புகையும் சேர்ந்துகொள்ளும். கோபுரத்திலிருந்து பார்த்தால் ரன்வே முனையே தெரியாது. அப்போது ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிதானமாகத்தான் பேசுவோம். வாசகர்கள் தயவுசெய்து டயர் எரிக்காதீர்கள்.

விமானம் தானாகப் பின்னால் போகாதா? வண்டி வைத்துத் தள்ளுவது ஏன்? – வாசகர், கோவை

இன்ஜின் காற்றை எதிர்ப்பக்கம் திருப்பிவிட்டுப் பின்னால் நகரலாம். ஆனால் அந்தக் காற்று கல்லையும் மண்ணையும் வாரி அடிக்கும். பின்னால் என்ன இருக்கிறது என்று விமானிக்குத் தெரியவும் செய்யாது. அதனால் ‘புஷ்பேக்’ வண்டி தள்ளும். கீழே ஒருவர் ஹெட்செட் மாட்டிக்கொண்டு விமானியோடு பேசியபடியே நடப்பார். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் அவரைக் கவனியுங்கள். வண்டியைக் கழற்றிய பிறகு விலகி நின்று, முன்சக்கரத்திலிருந்து எடுத்த ‘பின்’ என்ற சிறு கம்பியை உயர்த்திக் காட்டுவார். அதைப் பார்த்த பிறகுதான் விமானி நகர வேண்டும். விமானத்தின் வயிற்றில் சிவப்பு விளக்கு மின்னினால் இன்ஜின் ஓடுகிறது அல்லது ஓடப்போகிறது. யாரும் கிட்டே போகக் கூடாது. 2015 டிசம்பரில் மும்பையில் புஷ்பேக் சமயத்தில் ஊழியர் ஒருவரை இன்ஜின் உள்ளிழுத்துக்கொண்டது. வெயிலிலும் மழையிலும் அங்கே நிற்பவர்களுக்குச் சம்பளமும் ஓய்வும் பயிற்சியும் இன்னும் நன்றாகக் கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இரவில் தரையில் தெரியும் நீல விளக்குகள் எதற்கு? – மாணவி, தஞ்சாவூர்

விமானம் ரன்வேக்கு ஊர்ந்து போய்வரும் பாதையான டாக்ஸிவேயின் ஓரம் நீலம், நடுக்கோடு பச்சை. ரன்வே ஓரம் வெள்ளை. முடியும் பக்கம் மஞ்சளாக மாறும்.

எனக்கு இந்த வேலைக்கு வர ஆசை. என்ன படிக்க வேண்டும்? – மாணவர், விருதுநகர்

இயற்பியலும் கணிதமும் உள்ள பி.எஸ்சி. அல்லது பொறியியல் பட்டம். இந்திய விமான நிலைய ஆணையம் ஜூனியர் எக்ஸிகியூட்டிவ் பதவிக்குத் தேர்வு நடத்தும். அறிவிப்பு வரும்போது வயது வரம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பார்வை, காது, நிறம் பிரித்தறிதல் எல்லாம் மருத்துவப் பரிசோதனையில் பார்ப்பார்கள். ஆங்கிலப் பேச்சுக்குத் தனித்தேர்வு உண்டு, குறைந்தது 4ஆம் நிலை வேண்டும். தமிழ்வழியில் படித்தவராக இருந்தாலும் தயங்காதீர்கள். தினமும் அரைமணி நேரம் எண்களையும் சிறு வாக்கியங்களையும் வாய்விட்டுப் படியுங்கள். பதிவுசெய்து நீங்களே கேளுங்கள்.