முழங்கால் வீக்கமும் காய்ச்சலும்: முதலில் வேண்டியது ஸ்கேன் அல்ல, மூட்டு நீர்ச் சோதனை

கேள்வி: குறிஞ்சிப்பாடி அருகே நெல் பயிரிடும் என் தந்தைக்கு வயது 58. பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. நடவு முடிந்ததும் வலது முழங்கால் திடீரென வீங்கி, காய்ச்சலும் வந்தது. மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த மாத்திரையால் இரண்டு நாள் தணிந்து, மறுபடியும் வீங்கிவிட்டது. கடலூரில் பார்த்த மருத்துவர் ஊசி மூலம் நீர் எடுக்க வேண்டும் என்கிறார். நீர் எடுத்தால் மூட்டு கெட்டுவிடும் என்று உறவினர்கள் தடுக்கிறார்கள். முதலில் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். இன்றே நீர் எடுக்கச் சம்மதியுங்கள். ஒரே மூட்டு திடீரெனச் சூடாகி வீங்கி, காய்ச்சலும் சேர்ந்து, நோயாளிக்குச் சர்க்கரையும் இருந்தால், அது மூட்டுக்குள் பாக்டீரியா புகுந்த சீழ் நோய்தான் என்று வைத்துக்கொண்டே சோதனையைத் தொடங்க வேண்டும். மூட்டைக் கெடுப்பது ஊசியன்று, உள்ளே தேங்கிய சீழே; எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பை அது சில நாட்களிலேயே அரித்துவிடும், அரித்தது திரும்ப வளராது.

நீர் எடுப்பது பத்து நிமிட வேலை. நலமான மூட்டு நீர் வெளிர்மஞ்சளாய்த் தெளிந்திருக்கும். குழாயின் பின்னால் செய்தித்தாளைப் பிடித்தால் எழுத்தைப் படித்துவிடலாம். சீழ் பிடித்த நீரோ வடித்த கஞ்சியைப் போலக் கலங்கியிருக்கும், எழுத்து தெரியாது. ஆய்வகத்தில் அதிலுள்ள வெள்ளையணுக்களை எண்ணுவார்கள். ஒரு மைக்ரோலிட்டரில் 50,000-ஐத் தாண்டினால் சீழ் என்ற ஐயம் வலுக்கும். கவுட் என்னும் மூட்டுவாதத்தைக் காட்டும் யூரிக் ஆசிட் படிகம் தெரிகிறதா என்றும் பார்ப்பார்கள். எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பதை, அந்த நீரிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சொல்லும். இவற்றில் எதையும் எம்.ஆர்.ஐ. சொல்லாது.

ஆனாலும் மருத்துவமனை வாசலில் நிற்கும் ஸ்கேன் தரகர்களும், கமிஷனுக்காக வண்டியைத் திருப்பும் ஓட்டுநர்களும், 'முதலில் படம் எடுத்துவிடுங்கள்' என்று உங்களை இழுப்பார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டு இரண்டு நாளைக் கழித்தவர்களின் மடங்காத முழங்கால்களை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். அவர்களைவிட எனக்குக் கோபம் தருவது மெடிக்கல் ஷாப் ஆன்டிபயாடிக். நீர் எடுப்பதற்கு முன் அரைகுறையாய் விழுங்கிய நான்கு மாத்திரைகள் கிருமியைக் கொல்லாமல் ஒளித்துவிடும்; கல்ச்சரில் எதுவும் வளராமல் போகலாம், மருத்துவர் குருட்டாம்போக்கில் மருந்து எழுத நேரும். தந்தையார் விழுங்கிய மாத்திரையின் அட்டையை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். வலிக்கு யாராவது ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் அதையும் மறைக்காதீர்கள்.

வழக்கமாகச் சீழை வெளியேற்றி, ஏறத்தாழ இரண்டு வாரம் ரத்தக் குழாய் வழியாக மருந்து செலுத்தி, பின்பு சில வாரம் மாத்திரை தருவார்கள். மூட்டு மீண்டும் நிரம்பினால் மறுபடி உறிஞ்சுவதோ, சிறு துளையிட்டுக் கழுவுவதோ உண்டு. பெரும்பாலும் இதற்குக் காரணம் ஸ்டெஃபிலோகாக்கஸ் என்னும் கிருமி.

உங்கள் தந்தையார் விஷயத்தில் மட்டும் ஒரு விதிவிலக்கை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஈர மண்ணிலும் வயல் நீரிலும் வாழும் மெலியாய்டோசிஸ் என்னும் நோயைத் தரும் கிருமி, மழைக்காலத்தில் காலின் சிறு கீறல் வழியாகச் சர்க்கரை நோயாளியின் உடலுக்குள் நுழைந்து மூட்டிலும் நுரையீரலிலும் சீழ் வைக்கும். வழக்கமாக முதலில் எழுதப்படும் செஃப்ட்ரையாக்சோன் என்னும் ஆன்டிபயாடிக் இதற்குப் போதாது. செஃப்டாசிடைம் அல்லது மெரோபெனம் வேண்டும். மூட்டில் இருந்தால் ஊசி மருந்து சுமார் நான்கு வாரம், அதன்பின் கோட்ரைமாக்சசோல் மாத்திரை குறைந்தது மூன்று மாதம். பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பி வரக்கூடும். இந்தக் கிருமி வளர்ந்தாலும் அதைச் சூடோமோனாஸ் என்னும் வேறு கிருமி என்றோ, வெளியிலிருந்து கலந்த மாசு என்றோ ஒதுக்கிவிடும் ஆய்வகங்கள் உள்ளன. ஆகவே, 'இவர் சேற்றில் இறங்கி வேலை செய்பவர், சர்க்கரை உள்ளவர். மெலியாய்டோசிஸ் உண்டா என்று பாருங்கள்' என்று சோதனைச் சீட்டிலேயே எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள். படிவத்தில் தொழிலைக் கேட்க ஒரு வரிகூட இல்லாததால்தான் இதை நோயாளியின் வீட்டார் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஓபி வரிசையில் நிற்காமல் கடலூர் அரசு மருத்துவமனையிலோ புதுச்சேரி ஜிப்மரிலோ அவசரப் பிரிவுக்கு நேரே செல்லுங்கள். ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு அனுப்பி மாலையாக்கினால், 'சூடான மூட்டு, காய்ச்சல், சர்க்கரை' என்ற மூன்றையும் பணி மருத்துவரிடமே சொல்லுங்கள். நீரை எடுத்து உங்கள் கையில் கொடுத்தால் ஃபிரிட்ஜில் வைக்காமல் உடனே ஆய்வகத்தில் சேர்த்துவிடுங்கள். யூரிக் ஆசிட் படிகம் தெரிந்தது என்று மறுநாள் சொன்னாலும் கல்ச்சர் முடிவு வரும்வரை வீட்டுக்கு அழைத்து வராதீர்கள். படிகமும் கிருமியும் ஒரே மூட்டில் சேர்ந்தே இருக்கக்கூடும்.