எலிக்கு நின்ற எலும்புத் தேய்மானம் அக்காவுக்கும் நிற்குமா?

கேள்வி: என் அக்காவுக்கு 43 வயது. போன வருடம் கட்டி இருந்ததால் கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். தெரிந்தவர் ஒருவர் ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை விற்கிறார். ஒரு டப்பா 2,450 ரூபாய், மூன்றாக வாங்கினால்தான் பலன் தெரியுமாம். சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறைவதால் வரும் எலும்புத் தேய்மானத்தை இது தடுக்கும், லண்டனில் நிரூபித்துவிட்டார்கள் என்று ஒரு தாளையும் காட்டினார். வாங்கலாமா? வாங்கினால், இப்போது சாப்பிடும் கால்சியத்தை நிறுத்திவிடலாமா?

பதில்: அவர் காட்டிய தாள் அனேகமாக 2003-ல் வந்த ஆராய்ச்சியாக இருக்கும். அது பொய் இல்லை, நல்ல ஆராய்ச்சிதான். சினைப்பை எடுக்கப்பட்ட எலிகளின் எலும்பு மஜ்ஜையில் குளூட்டாதியோன் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட் குறைவதைப் பார்த்தார்கள், என்-அசிட்டைல் சிஸ்டைன் என்ற இன்னொரு ஆன்டிஆக்ஸிடன்ட் அல்லது வைட்டமின் சி கொடுத்தபோது அந்த எலிகளுக்கு எலும்பு கரைவது நின்றது. எலும்பை அரிக்கும் செல்களை ஈஸ்ட்ரோஜன் எப்படி அடக்கி வைக்கிறது என்று புரிந்துகொள்ள அது உதவியது. ஆனால் உங்களிடம் விற்க வந்தவர் ‘எலி’ என்ற சொல்லை மட்டும் விழுங்கிவிட்டார்! எலி தனக்கு வேண்டிய வைட்டமின் சி-யைத் தானே தயாரித்துக்கொள்ளும், நம்மால் முடியாது, அதனால் எலிக்கணக்கை அப்படியே மனுஷிக்குப் போட முடியாது. மனிதர்களிடம் நடந்தவை சில டஜன் பேரை வைத்த சின்னச் சின்ன ஆய்வுகள். அவற்றில் சிலவற்றில் எலும்பு அடர்த்தி கொஞ்சம் தாக்குப்பிடித்தது, ஆனால் எலும்பு முறிவு குறைந்தது என்று நம்பிச் சொல்லும்படி எதுவும் இல்லை. நமக்கு வேண்டியது முறியாமல் இருப்பதுதானே.

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். ‘ஹெல்த் சப்ளிமென்ட்’ என்றும் ‘மருந்தாகப் பயன்படுத்த அல்ல’ என்றும் ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்க வேண்டும், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்ற மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண் இருப்பதாலேயே மாத்திரை வேலை செய்யும் என்று அரசு சொல்லிவிட்டதாக ஆகாது, அது உணவுப் பொருளுக்கான உரிமம், அவ்வளவுதான். நோயைத் தடுக்கும், குணமாக்கும் என்று சொல்லி சப்ளிமென்ட் விற்க விதியில் இடமில்லை. அதனால்தான் டப்பாவில் அச்சிடாததை வாயால் சொல்கிறார்கள்.

இன்னொன்றையும் பாருங்கள், உள்ளே வைட்டமின் ஏ எந்த வடிவில், எவ்வளவு இருக்கிறது என்று. ஆன்டிஆக்ஸிடன்ட் கலவை என்று வருபவற்றில் பெரும்பாலும் இதுவும் இருக்கும். ரெட்டினால் வடிவில் இதை அதிகமாக எடுத்துக்கொண்ட பெண்களுக்கு இடுப்பு எலும்பு முறிவு கூடுதலாக இருந்ததாக அமெரிக்க நர்ஸுகளை வருடக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வு 2002-ல் சொன்னது. எலும்புக்கென்று காசு கொடுத்து வாங்கி, எலும்புக்கே வினையாகிவிடக் கூடாது. வைட்டமின் சி போதவில்லை என்ற பயம் இருந்தால் கொய்யாப்பழம் ஒன்று போதும், ஒரு நாள் தேவைக்கு மேலேயே கிடைத்துவிடும்.

சரி, அக்காவுக்கு என்ன செய்வது? 43 வயதில் சினைப்பை இரண்டும் போனால் ஈஸ்ட்ரோஜன் ஒரே நாளில் நின்ற மாதிரி, முதல் சில வருடங்களில் எலும்பு வேகமாகக் கரையும். இந்த வயதில் இப்படி ஆனவர்களுக்கு, தடை ஏதும் இல்லையென்றால், இயல்பாக மாதவிடாய் நிற்கும் 50 வயது வரைக்குமாவது ஈஸ்ட்ரோஜனையே மருந்தாகக் கொடுப்பதுதான் பொதுவான வழக்கம். கர்ப்பப்பை எடுத்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2004-ல் முடிவு வந்த அமெரிக்கச் சோதனையில், ஈஸ்ட்ரோஜன் எடுத்தவர்களுக்கு இடுப்பு எலும்பு முறிவு ஏறக்குறைய 40 சதவீதம் குறைவு. பக்கவாத ஆபத்து கூடியதும் அதே சோதனையில்தான், ஆனால் அவர்கள் 50 வயது தாண்டியவர்கள். அதனால் மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு வரலாறு உண்டா, எடுத்த கட்டி என்ன வகை என்பதையெல்லாம் பார்த்து மகப்பேறு மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆபரேஷன் ரிப்போர்ட்டையும் பயாப்ஸி ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டுபோய், ‘எனக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுக்கலாமா, கொடுக்கக் கூடாதென்றால் ஏன்?’ என்று அக்காவை நேராகவே கேட்கச் சொல்லுங்கள். பல பெண்களுக்கு ஆபரேஷன் முடிந்து தையல் பிரித்ததோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

அப்புறம் எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன். முகாம்களில் குதிகாலை வைத்து இலவசமாகப் பார்ப்பது அது இல்லை. இடுப்பையும் முதுகெலும்பையும் எடுக்க வேண்டும், ரிப்போர்ட்டில் எலும்பு அடர்த்தியைச் சொல்லும் எண்ணான டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் எலும்புப்புரை, அதாவது எலும்பு எளிதில் முறியும் நிலை. ஊருக்கு ஊர் கட்டணம் வேறு, ஆனாலும் மூன்று டப்பாவுக்கான 7,350 ரூபாயில் ஸ்கேன் எடுத்து மிச்சமும் பிடிக்கலாம்.

கால்சியத்தை நிறுத்த வேண்டாம். அட்டையில் ‘கால்சியம் கார்பனேட் 1250 மி.கி.’ என்று இருந்தால் அதில் உண்மையான கால்சியம் 500 மி.கி.தான். மாதவிடாய் நின்றவர்களுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) சொல்லும் அளவு நாளுக்கு 1,200 மி.கி., அதில் பால், தயிர், கேழ்வரகு, கீரையில் வருவதும் சேர்த்திதான், எனவே மாத்திரை எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போகத் தேவையில்லை. கார்பனேட்டைச் சாப்பாட்டோடு போட வேண்டும். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவரென்றால் இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரமாவது விடச் சொல்லுங்கள்.

ஏற்கனவே ஒரு டப்பா வாங்கியாகிவிட்டது என்றால் பிரிக்காமல் பில்லோடு திருப்பிக் கொடுங்கள். பில்லே தரவில்லை, பணமும் தர மாட்டேன் என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. ‘எலும்புத் தேய்மானத்தைத் தடுக்கும்’ என்று அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தி ஏதாவது இருந்தால் அதை மட்டும் அழித்துவிடாதீர்கள்.